இறக்கைக்குத் துணி கட்டிய கைகளுக்கு

கும்பகோணம்

அன்பார்ந்த ஊர்க்காரர்களுக்கு, வணக்கம்.

போர்க்காலப் பெண் விமானிகள் பற்றிய மூன்று நாள் கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டீர்கள். அதனால் அவரவர் செய்த வேலையைச் சொல்லி நன்றி சொல்கிறோம்.

முதல் நன்றி, மலைவேம்பில் இறக்கைத் துண்டு இழைத்துத் தந்த தச்சருக்கு. இரண்டாம் உலகப் போரில் சோவியத் 588-வது இரவுக் குண்டுவீச்சுப் படைப்பிரிவின் பெண்கள் ஓட்டிய போ-2, மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்திய ஈரடுக்கு இறக்கை விமானம். இறக்கை நுனிக்கு நுனி 11.4 மீட்டர். நம் பந்தலுக்கு இரண்டு மீட்டர் துண்டே போதுமானதாக இருந்தது.

துணியில்தான் சிக்கல். காடாத் துணியைத் துவைத்து உலர்த்தி ஒட்டினோம். மறுநாள் காலைப் பனியில் அது தொய்ந்து, சட்டங்கள் துருத்திக்கொண்டு நின்றன. திருபுவனத்து நெசவாளர் அம்மா தொட்டுப் பார்த்ததுமே காரணம் சொன்னார்: துவைத்ததில் சுருங்க வேண்டியது எல்லாம் முன்பே சுருங்கிவிட்டது. துவைக்காத துணியை ஒட்டி, பசை நன்றாகக் காய்ந்தபின் ஓரத்தில் படாமல் நடுவில் மட்டும் தண்ணீர் தெளிக்கச் சொன்னார். காயக் காயச் சட்டத்தின் மேலேயே இறுகிக்கொண்டது. ஒரேயடியாக நனைத்தால் மெல்லிய சட்டம் வளைந்துவிடும், இரண்டு தடவையாகத் தெளியுங்கள் என்றதும் அவர்தான். மைதாப் பசை வேண்டாம் என்று புளியங்கொட்டைப் பசை காய்ச்சித் தந்த தஞ்சாவூர் ஓவியருக்கும் நன்றி. பனிக்கு அது இளகவே இல்லை.

உண்மையான விமானத்தில் துணியை இறுக்கியது நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு. பறைத்தோல் மாதிரி விறைப்பாக்கும். தீப்பொறி பட்டால் நொடியில் பற்றும். அதனால்தான் பந்தலில் அதை நாங்கள் தொடவில்லை. 1943 ஜூலை 31 இரவு தெற்கு ரஷ்யாவின் குபான் பகுதியில் இந்தப் படைப்பிரிவின் நான்கு விமானங்கள் எரிந்து வீழ்ந்தன. எட்டுப் பெண்கள் இறந்தார்கள். அப்போது அவர்கள் பாராசூட் இல்லாமல்தான் பறந்துகொண்டிருந்தார்கள்.

சைக்கிள் சக்கரத்தில் ஐந்து பல்பு பொருத்தி, போ-2 விமானத்தின் எம்-11 இன்ஜினை விளக்கிய பம்புசெட் மெக்கானிக் தம்பிக்கு நன்றி. வட்டமாக நிற்கும் ஐந்து சிலிண்டர்கள் 1-3-5-2-4 என்று ஒன்றுவிட்டு ஒன்று வெடிக்கும். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் இரண்டு சுற்றுக்குள் எல்லாம் ஒரு தடவை வெடித்தாக வேண்டும். எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால்தான் இடைவெளி சமமாக விழும். குறி நெருங்கியதும் விமானிகள் இன்ஜினை ஐடிலில் விட்டுச் சறுக்கி இறங்குவார்கள். கீழே இருப்பவனுக்குக் காற்று உரசும் சத்தம்தான் கேட்கும். ஜெர்மானியர் அவர்களை 'இரவுச் சூனியக்காரிகள்' என்றார்கள். எதிரி வைத்த அந்தப் பெயரைச் சின்ன எழுத்தில்தான் போட்டோம். 46-வது கார்ட்ஸ் (சிறப்பாகப் போரிட்ட படைகளுக்குத் தரும் பட்டம்) படைப்பிரிவு என்பது அவர்கள் 1943-ல் உழைத்து வாங்கிய பெயர். அதைத்தான் முகப்பில் வைத்தோம்.

நெல் கொள்முதல் நிலையத்துச் சுமைதூக்கும் தோழர்களுக்கு எப்படி நன்றி சொல்ல! ஒரு தடவைக்கு 200 கிலோ குண்டு, ஓர் இரவில் எட்டுத் தடவை என்று வைத்தால், ஒரு விமானத்துக்கு மட்டும் 1,600 கிலோ. "நாப்பது மூட்டைங்க" என்று உடனே கணக்குச் சொன்னார் ஒருவர். 40 கிலோ மூட்டைகள் நாற்பதை இறக்கைக்குப் பக்கத்தில் அடுக்கியும் காட்டினார்கள். மூட்டை தோளில் ஏறிவிடும். குண்டையோ இறக்கைக்கு அடியில் குனிந்து, கொக்கி மாட்டும்வரை கையில் ஏந்தி நிற்க வேண்டும், இடுப்பு அங்கேதான் போகும் என்று செய்து காட்டினார்கள். குண்டு ஏற்றியவர்களும் பெண்களே. விமானிகளின் படங்களைப் பார்த்தபடியே கடந்து போனவர்கள்கூட இந்த அடுக்கின் முன்னால் நின்றுவிட்டார்கள்.

போர் விமானங்களைத் தொழிற்சாலையிலிருந்து தளங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த பிரிட்டனின் ஏர் டிரான்ஸ்போர்ட் ஆக்ஸிலரி விமானிகள் கையில் வைத்திருந்த குறிப்புப் புத்தகத்தின் மாதிரியை வளையம் கோத்து அச்சிட்டுத் தந்த அச்சகத்தாருக்கு நன்றி. விமான வகைக்கு ஓர் அட்டை. முன்பின் ஓட்டியிராத விமானத்தையும் அந்த அட்டையைப் படித்துவிட்டுத்தான் எடுத்துப் போனார்கள். அதன் பெண்கள் பிரிவு 1940 ஜனவரியில் எட்டுப் பேரோடு தொடங்கியது. 1943-ல் ஆண்களுக்குச் சமமான சம்பளம் வாங்கியது.

கார்கில் போர் பற்றிய பலகையில் நம் விமானப்படை விமானி குஞ்சன் சக்சேனா பெயர் மட்டும் இருந்ததைப் பார்த்து, 1999-ல் ஸ்ரீவித்யா ராஜனும் சீட்டா ஹெலிகாப்டர் ஓட்டினார் என்று திருத்திய முன்னாள் விமானப்படை ஐயாவுக்கு நன்றி. அன்றே பலகையை மாற்றிவிட்டோம்.

கடைசியாக, சுவர் விளம்பரம் எழுதும் ஓவியர் அண்ணனுக்கு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் வாஸ்ப் என்ற பெண் விமானிகள் பிரிவில் உயிரிழந்தவர்கள் 38 பேர். ராணுவ விமானங்களை ஓட்டினாலும் ஏட்டில் அவர்கள் சிவிலியன்கள். அதனால் ராணுவ மரியாதை கிடையாது. உடலை ஊருக்கு அனுப்பத் தோழிகள் பணம் வசூலித்த சம்பவங்களும் உண்டு. படைவீரர் என்ற தகுதி 1977-ல்தான் சட்டமானது. அந்த 38 பெயர்களையும் அண்ணன் தூரிகையால் துணியில் எழுதினார். கொர்னீலியா ஃபோர்ட் என்ற பெயரில் ஒரு கொம்பு விட்டுப்போனதைக் காட்டினோம். மேலே திருத்தி எழுத மனம் ஒப்பாமல், புதுத் துணி எடுத்து முதல் பெயரிலிருந்து மறுபடி எழுதித் தந்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

அந்தத் துணியும் இறக்கையும் இப்போது நூலக மாடியில் இருக்கின்றன. மூட்டைகள் நாற்பதும் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன.

நன்றியுடன்,
கண்காட்சிக் குழுவினர்