மேனுவலில் நின்ற செலக்டர்

அன்புள்ள பாப்பா,

நேற்று ராத்திரி போனில், "கேபின் பிரஷர் கொஞ்சம் தகராறு பண்ணுச்சுப்பா, பத்தாயிரம் அடிக்கு இறக்கித் திரும்பி வந்துட்டோம்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, சாப்பிட்டாச்சா என்று கேட்டாய். பக்கத்தில் அம்மா இருந்ததால் நானும் மேற்கொண்டு கிளறவில்லை. அவளுக்கு அது கார் பஞ்சர் ஆன மாதிரிதான் கேட்டிருக்கும். எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது.

அழுத்தம் குறைந்ததைச் சொல்லும் எச்சரிக்கை ஹாரன் அடித்ததும் கேப்டனும் நீயும் எதுவும் பேசாமல் முதலில் ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டினீர்கள், அப்புறம்தான் என்ன ஏது என்று பார்த்தீர்கள் என்றாயே, அதைக் கேட்டதும் ஹீலியோஸ் விமானம் ஞாபகம் வந்தது. உங்கள் வகுப்பில் சொல்லியிருப்பார்கள். இருந்தாலும் விமானம் பழுதுபார்க்கிற இந்த ஹாங்கர்காரன் வாயால் ஒருமுறை கேள்.

2005 ஆகஸ்ட் 14. சைப்ரஸின் லார்னகாவிலிருந்து ஏதென்ஸ் வழியாக பிராக் போக வேண்டிய ஹீலியோஸ் கம்பெனியின் போயிங் 737 விமானம். வலதுபக்கப் பின்கதவில் சத்தம் வருகிறது என்று முந்தின குழுவினர் எழுதியிருந்தார்கள். விடிவதற்குள் டெக்னீஷியன் வந்து, தரையிலேயே கேபினுக்கு அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்த்தார். அதற்கு பிரஷரைசேஷன் செலக்டரை, அதாவது கேபின் அழுத்தத்தை ஆட்டோவிலா கையாலா கட்டுப்படுத்துவது என்று தேர்ந்தெடுக்கும் குமிழை, மேனுவலுக்குத் திருப்பினார். கசிவு இல்லை. செலக்டர் மட்டும் மேனுவலிலேயே நின்றுவிட்டது. அப்படி நின்றால் விமானம் ஏறும்போது கேபின் அழுத்தம் தானாகச் சரியாகாது. காலையில் வந்த பைலட்டுகளும் செக்லிஸ்டில் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

சுமார் 12,000 அடியில் ஹாரன் அடித்தது. கேபினில் அழுத்தம் இல்லை என்ற எச்சரிக்கை அது. ஆனால் டேக்-ஆஃப் கான்ஃபிகரேஷன் கோளாறுக்கும், அதாவது விமானத்தைப் புறப்படுவதற்குச் சரியாக அமைக்காவிட்டாலும், அதே சத்தம்தான். தரையில் மட்டும் அடிக்க வேண்டியது இங்கே ஏன் அடிக்கிறது என்று குழம்பி, கம்பெனி ஆட்களோடு ரேடியோவில் பேசிக்கொண்டே ஏறினார்கள். ஆக்சிஜன் குறைந்த மூளைக்குத் தான் குழம்புவதே தெரியாது. பின்னால் பயணிகளுக்கு மாஸ்க் விழுந்தது. அது சுமார் 12 நிமிஷம்தான் தாங்கும். ஆட்டோபைலட் 34,000 அடிக்குக் கொண்டுபோய், ஏதென்ஸ் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. பார்க்கப் போன எஃப்-16 போர் விமானிகளுக்குக் கேப்டன் இருக்கை காலியாகவும், துணை விமானி சாய்ந்து கிடப்பதும் தெரிந்தது. கேபின் பணியாளர் ஒருவர் காக்பிட்டுக்குள் வந்து உட்கார்ந்தபோது எரிபொருள் தீரும் தறுவாய். விமானம் விழுந்து, அதிலிருந்த 121 பேரும் போய்விட்டார்கள்.

எல்லோரும் அந்தப் பைலட்டுகளைப் பேசுவார்கள். நான் அந்த டெக்னீஷியனைத்தான் நினைப்பேன். ஏனென்று இத்தனை வருஷமாக உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

நீ பிறப்பதற்கு முன்பு, ஒரு நைட் ஷிஃப்டில் நானும் ஒரு 737-க்கு அதே சோதனை செய்தேன். டீ வந்ததா, அடுத்த விமானத்துக்குக் கூப்பிட்டார்களா, இப்போது நினைவில்லை. செலக்டரை மேனுவலில் விட்டுவிட்டு இறங்கிவிட்டேன். காலையில் ஒரு கோ-பைலட், உன் வயசுதான் இருக்கும், செக்லிஸ்ட் படிக்கும்போது கண்டுபிடித்து ஆட்டோவுக்குத் திருப்பினார். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, விரலால் குமிழைத் திருகுவது மாதிரி காட்டிச் சிரித்தார். புகாராக எழுதிக் கொடுக்கவில்லை. நல்ல மனுஷன், காப்பாற்றிவிட்டார் என்று நானும் சந்தோஷப்பட்டேன். ஹீலியோஸ் விவரம் படித்த அன்றுதான் கை நடுங்கியது. அவர் எழுதியிருந்தால் எனக்கு மெமோ வந்திருக்கும், அவ்வளவுதான். எழுதாததால் எங்கள் ஷிஃப்டில் வேறு யார் யார் அதே மாதிரி விட்டார்கள் என்று யாருமே தேடவில்லை.

உன் விமானத்தில் என்ன கோளாறு என்று ஹாங்கரில் இன்னும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். யாராவது மறந்ததாகவே இருக்கட்டும், பாவம் என்று விட்டுவிடாதே. நீ பார்த்ததை, நேரத்தோடு, அப்படியே எழுதிக்கொடு. மாஸ்க் மாட்டியதையும் சேர்த்து எழுது.

சரி, பருப்புப் பொடி கூரியரில் வருகிறது. அவ்வளவு வேகமாக இறங்கியதில் காது அடைத்திருக்குமே, விட்டதா? எனக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் சொல். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

அப்பா