நாற்காலி யோசனை

அன்புள்ள சுமதி,

பதில் எழுதத் தாமதம்தான். காரணம் சொன்னால் "ஆரம்பிச்சுட்டாடி" என்பாய், அதனால் சொல்லவில்லை. எல்லோரும் நலம்.

உன்னை நடனக் கல்லூரி முதல்வர் பதவிக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாமே! அதைப் படித்ததிலிருந்து எனக்கு நெதர்லாந்தின் பாலே நடன அமைப்பாளர் ஹான்ஸ் வான் மானென் ஞாபகமாகவே இருக்கிறது. சிரிக்காதே. நான் குடியிருக்கும் இந்த ஆம்ஸ்டல்வேன்தான் அவர் பிறந்த ஊர். 1932இல் பிறந்தபோது ஊருக்கு நியூவர் ஆம்ஸ்டல் என்று பெயர். பள்ளிப் படிப்பை முடிக்காமல், ஆம்ஸ்டர்டாம் நாடக அரங்கில் ஒப்பனைக்கும் தலை அலங்காரத்துக்கும் எடுபிடியாகச் சேர்ந்த பையன். சோனியா காஸ்கெல் அம்மையாரிடம் பாலே கற்கப் போனது 1951இல். 18, 19 வயது! நம் வாத்தியாராக இருந்தால் வாசலோடு அனுப்பியிருப்பார்.

1957இலேயே சொந்தமாக நடனம் அமைத்துவிட்டார். பிறகு பாரிஸில் ரோலான் பெத்தியின் குழுவில் ஆடினார். 1961இல் நெதர்லாந்து டான்ஸ் தியேட்டருக்குக் கலை இயக்குநர். நெதர்லாந்து பாலே என்ற குழுவோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியேறிய ஆட்டக்காரர்கள் சேர்ந்து 1959இல் தொடங்கிய குழு அது. பத்து வருஷம் நடத்தினார். 1971இல் அந்த நாற்காலியை விட்டுவிட்டார். அதற்கப்புறம் வந்ததைக் கேள்: 1973இல் டச்சு தேசிய பாலே குழுவுக்கு நடன அமைப்பாளராகப் போய், அதே வருஷம் 'அடாஜியோ ஹாமர்கிளேவியர்' செய்தார். மூன்று ஜோடிகள், பீத்தோவனின் பியானோ, நம்ப முடியாத அளவுக்கு மெதுவான விளம்ப காலம். வேகமாக ஆடிச் சமாளிப்பதற்கு அதில் வழியே கிடையாது.

1979இல் 'லைவ்'. மேடையில் ஒரு பெண், எதிரே கேமராவோடு ஒரு ஆள், பின்னால் பெரிய திரை. அவள் விரலையும் மூச்சையும்கூடத் திரையில் பார்க்கலாம். கடைசியில் கோட்டை மாட்டிக்கொண்டு அரங்கத்தைவிட்டே தெருவுக்குப் போய்விடுகிறாள். ஜனங்கள் உள்ளே உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் இதை யோசிக்க எவ்வளவு திமிர் வேண்டும்! பட்ஜெட் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு இது தோன்றுமா?

சரி, நீ உடனே ரூடி வான் டான்ட்ஸிக்கை இழுப்பாய். நியாயம்தான். தேசிய பாலேவின் தலைமை நாற்காலியில் 1991 வரை இருந்தவர், நடனம் அமைப்பதையும் விடவில்லை. வான் மானென் அங்கே வேலை செய்ததும் அவர் தலைமையில்தான். ஒருவர் நாற்காலியில் இருந்ததால்தான் இன்னொருவர் நிம்மதியாக ஒத்திகை பார்த்தாரோ என்னவோ. இதை நினைத்தால், நாற்காலி வந்தால் நடனம் போய்விடும் என்ற என் வாதம் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது.

ஆனால் சுமதி, நீ யார்? போன வருஷம் அந்த நாட்டிய வர்ணத்தைப் பாதி அமைத்து நிறுத்தினாயே, உன் இரண்டு பக்கக் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அறைக்கு ஏசி போடுவார்களா என்று மட்டும் இருக்கிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

கேட்டாலும் கேட்காவிட்டாலும் என் யோசனை இது: காலை ஒத்திகை நேரத்தில் எந்தக் கூட்டமும் வைக்க மாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொண்டு சேர். ஒப்புக்கொள்ளவில்லை என்றால் பேசாமல் வந்துவிடு.

சம்பளம் எவ்வளவு என்று எழுதவே இல்லையே, கள்ளி!

அன்புடன்,
மாலா