கோப்பை மட்டுமே அளவுகோலா?

ஐயா, அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரை, மறைந்த பயிற்சியாளர் மைக் மார்ட்டினைப் ‘பட்டம் வெல்லாதவர்’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டது. இது நியாயமன்று. ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1980 முதல் 2019 வரை 40 பருவங்கள், 2,029 வெற்றிகள். எந்தப் பருவத்திலும் 40 வெற்றிகளுக்குக் குறைந்ததில்லை. தேசியப் பட்டத்தை முடிவுசெய்ய ஒமாகா நகரில் நடக்கும் இறுதிக்கட்டத் தொடருக்கு 17 முறை அணியை அழைத்துச் சென்றார். பின்னாளில் தொழில்முறை பேஸ்பாலில் நட்சத்திரமான பஸ்டர் போசி அவரிடம் ஆடியவர்தான். சில ஆட்டங்களில் கைநழுவிய பட்டம் இத்தனை உழைப்பையும் எப்படி மறைக்கலாம்?

நான் அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, ஒமாகாவில் தோற்றுத் திரும்பிய மறு பருவத்திலும் அணியின் சொந்த மைதானமான டிக் ஹௌசர் அரங்கில் கூட்டம் குறையவில்லை. ஐந்தாவது இன்னிங்சில் ரசிகர்கள் வழக்கம்போல் கனடா நாட்டுப்பண்ணை உரக்கப் பாடினார்கள். பயிற்சியாளர்களைப் பற்றி எழுதும்போது, கோப்பைக் கணக்குடன் அவர்கள் உருவாக்கிய வீரர்களின் பட்டியலையும் வெளியிட வேண்டுகிறேன்.