விறகு போடுவதற்கும் மணி பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மேப்பிள் பாகு காய்ச்சும் கொட்டகைகளைப் பற்றிச் சென்ற வாரம் வந்த கட்டுரை நன்றாகவே இருந்தது. ஆனால் 'அடுப்பு நிறைய விறகை அடைத்துவிட்டால் அரை மணி நேரத்துக்குக் கவலையில்லை' என்ற வரியைத் திருத்தாமல் விட முடியாது. இந்த மார்ச்சில் முதல் தடவையாக இவாப்பரேட்டர் (விறகடுப்பின்மேல் 'பான்' எனும் அகலத் தட்டுகளை வைத்துச் சாறு காய்ச்சும் சாதனம்) மூட்டப்போகிற வாசகர் யாராவது அதை நம்பினால் விறகு வீணாகும், பாகு கறுக்கும். கெட்ட நேரமென்றால் பானும் கருகும்.

முதலில் கணக்கு. மரத்திலிருந்து வடியும் சாற்றில் சர்க்கரை 2 சதவீத அளவில்தான் இருக்கும். 86-ஐச் சர்க்கரைச் சதவீதத்தால் வகுப்பது பழைய கணக்கு. அதன்படி ஒரு லிட்டர் பாகுக்கு 43 லிட்டர் சாறு வேண்டும், 42 லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போக வேண்டும். நன்றாகக் காய்ந்த கடின மரம் ஒரு கோர்டு (4 அடி உயரம், 4 அடி அகலம், 8 அடி நீளம்) எரித்தால் சுமார் 95 லிட்டர் பாகு எடுக்கலாம். லிட்டருக்குப் பதினைந்து கிலோவுக்கு மேல் விறகு என்று வைத்துக்கொள்ளுங்கள். தேவையான வெப்பத்தை மட்டும் பார்த்தால் இதில் பாதி விறகே போதும். மீதிப் பாதி புகைபோக்கி வழியாகப் போகிறது. அந்தப் பாதி கூடுவதும் குறைவதும் விறகு போடும் விதத்தில்தான் இருக்கிறது.

எரியறையை நிரப்பி அடைத்தால் என்ன நடக்கும்? புது விறகு குளிர்ந்தது. தன் ஈரத்தை விரட்டவே முதலில் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் பானில் கொதி படுத்துவிடும். பிறகு அத்தனை விறகும் ஒன்றாக வாயுவைக் கக்கும். அதை எரிக்கப் போதிய காற்றும் இல்லை, இடமும் இல்லை. எரியாத வாயு கரும்புகையாகவும் பொறியாகவும் வெளியேறும். அது அடங்கினால் மிஞ்சுவது தணல். தணலின் சூடு முன்பக்கத்தோடு நின்றுவிடும், பின்னால் இருக்கும் ஃப்ளூ பானை (சாறு முதலில் நுழையும் பான்; அதன் அடியில் சுவாலை ஓடும் பள்ளங்களே ஃப்ளூக்கள்) எட்டாது. நீண்ட சுவாலைதான் அங்கே போய்ச் சேரும். அரை மணிச் சுற்றில் நல்ல கொதி பத்து நிமிடம் கிடைத்தாலே பெரிய காரியம்.

காற்றூதி இல்லாத சாதாரண அடுப்பில் 7 முதல் 10 நிமிடத்துக்கு ஒரு முறை, கொஞ்சமாகப் போடுவதுதான் முறை. மணிக்கட்டுப் பருமனில், அதாவது 7, 8 சென்டிமீட்டருக்கு மேற்படாமல் பிளந்த விறகு. எரியறையின் நீளத்தைவிட ஒரு சாண் குட்டையாக இருக்கட்டும், கதவில் முட்டக் கூடாது. ஒரு தடவைக்கு நாலைந்து துண்டு போதும். குறுக்கும் நெடுக்குமாகப் போடுங்கள், நெருக்கி அடுக்கினால் காற்று நுழையாது. உயரம் எரியறையின் பாதிக்குச் சற்று மேல் வரலாம். பானின் அடியில் சுவாலை விரிய இடம் வேண்டும்.

இரட்டைக் கதவு அடுப்பானால் ஒரு சுற்றில் இடப்பக்கம், அடுத்த சுற்றில் வலப்பக்கம். இரண்டையும் சேர்த்துத் திறக்காதீர்கள். ஒரு பக்கம் எரிந்துகொண்டிருந்தால் மறுபக்கத்துப் புது விறகின் வாயுவை அந்தச் சுவாலையே பற்றவைத்துவிடும். விறகைக் கையருகே எடுத்துவைத்த பிறகே கதவைத் தொட வேண்டும். பதினைந்து வினாடிக்குள் மூடியாக வேண்டும். ஐயமிருந்தால் கதவைத் திறந்தபடியே பாகு முற்றும் சிரப் பானைப் பாருங்கள்: துள்ளிக்கொண்டிருந்த குமிழெல்லாம் சில நொடியில் படுத்து, மேற்பரப்பு பால் காயும்போது தெரியும் மெல்லிய சுருக்கம்போல் ஆகிவிடும். அது பழைய துள்ளலுக்குத் திரும்ப இரண்டு நிமிடம்வரை போகும்.

பலர் கவனிக்காத இடம் எரியறையின் பின்மூலை. அங்கே விறகு எரிந்து தீர்ந்து கம்பித் தட்டு வெறுமையானால், கீழிருந்து வரும் காற்று நெருப்பின் ஊடாகப் போகாமல் அந்தப் பொத்தல் வழியே குளிராகவே ஏறி ஃப்ளூக்களைக் குளிர்விக்கும். முன்னால் நெருப்பு கொழுந்துவிட்டு எரிகிறது, பின்னால் கொதியில்லை என்றால் முதலில் அந்த மூலையைப் பாருங்கள்.

நேரத்தை மனக்கணக்கில் விடாதீர்கள். சமையலறை டைமர் ஒன்று போதும். அதைவிட நல்லது புகைபோக்கித் தெர்மாமீட்டர். முதல் ஒரு மணி நேரம் அதன் முள் எந்த உச்சம்வரை ஏறுகிறது, எத்தனை நிமிடத்தில் இறங்கத் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இறங்கத் தொடங்கும் நேரம்தான் அடுத்த விறகுக்கான நேரம். கொதி படுத்த பிறகு போடுவது தாமதம். முள் மேலே மேலே போகிறது, கொதி மட்டும் கூடவில்லை என்றால் வெப்பம் வெளியே ஓடுகிறது என்று அர்த்தம். காற்றுவழியைச் சற்று மூடுங்கள், ஃப்ளூக்களில் படிந்த கரியையும் துலக்குங்கள். காற்றை அழுத்தி ஊதும் மூடிய அடுப்புகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேறு. அவற்றில் இடைவெளி நெடுகும், தயாரிப்பாளர் சொன்னபடி போவதே சரி.

விறகு காய்ந்திருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். எவ்வளவு என்பதுதான் கேள்வி. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே. அதற்கு ஓராண்டுக்கு முன்பே பிளந்து, மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்றாட விட வேண்டும். பச்சை மேப்பிள் விறகின் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு தண்ணீர். சாற்றின் தண்ணீரோடு விறகின் தண்ணீரையும் சேர்த்துக் காய்ச்சுவானேன்?

இனிச் சிக்கலான இடம். ஒரே சட்டியில் காய்ச்சுபவர் பதம் நெருங்கும்போது தீயைத் தணிக்கலாம். இவாப்பரேட்டரில் முடியாது. ஒரு முனையில் பச்சைச் சாறு நுழைந்துகொண்டே இருக்கிறது, மறுமுனையில் பாகு முற்றிக்கொண்டே இருக்கிறது, இரண்டுக்கும் ஒரே நெருப்பு. பானின் தடுப்பறைகளில் அறைக்கு அறை அடர்த்தி படிப்படியாக ஏறுவது சீரான கொதியால்தான். கொதி படுத்தால் அந்தப் படிகள் கலைந்து கெட்டியும் நீர்த்ததும் கலந்துவிடும். மறுபடி முற்றுவதற்குள் பாகு கூடுதல் நேரம் சூட்டில் கிடக்கும், நிறம் கறுக்கும். காலையில் பொன்னிற 'ஆம்பர்' எடுத்தவர் பிற்பகல் கருநிற 'டார்க்' எடுப்பதற்குச் சாற்றை மட்டும் குறை சொல்ல முடியாது.

ஆகவே முற்றிய பாகைக் குழாய்வழி எடுக்கும் வடிப்பையும் விறகு போடுவதையும் மோத விடாதீர்கள். தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட 4 செல்சியஸ் பாகை கூடினால் பாகு, அதாவது சர்க்கரை 66 சதவீதம் (66 பிரிக்ஸ்). காற்றழுத்தம் மாறினால் தண்ணீரின் கொதிநிலையும் மாறும் என்பதால் அன்றன்று தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பார்த்தே கணக்கிட வேண்டும். அந்தச் சூட்டுக்கு இன்னும் ஒரு பாகை இருக்கும்போதே சிறிதாக ஒரு முறை விறகு போட்டுவிடுங்கள். அரைப் பாகைக்குள் வந்துவிட்டால் கதவைத் தொடாதீர்கள். குழாயைச் சிறிதளவே திறந்து மெல்லிய தாரையாக வடித்து, அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரில் சரிபார்த்து, மூடிய பிறகு விறகுக்குப் போங்கள். எதிர்ச்சவ்வூடுபரவல் இயந்திரத்தில் (சவ்வு வழியே தண்ணீரைப் பிரித்தெடுக்கும் கருவி) சாற்றின் சர்க்கரையை 8 சதவீதத்துக்கு ஏற்றியவருக்கு ஒரு லிட்டர் பாகுக்கு 11 லிட்டருக்கும் குறைவான சாறே போதும். வடிப்பு நாலு மடங்கு அடிக்கடி வரும். அங்கே அடுப்புக்கு ஓர் ஆள், குழாய்க்கு ஓர் ஆள் இல்லாமல் சரிப்படாது.

நுரையடக்கியையும் இதே கடிகாரத்தோடு கட்டிவிடலாம். ஒவ்வொரு முறை விறகு போடும்போதும் ஃப்ளூ பானில் சாறு நுழையும் இடத்தில் இரண்டொரு சொட்டு. சிரப் பானில் ஊற்றினால் கொதி சட்டென்று அமுங்கி அடர்த்திப் படிகள் கலையும். கூடுதலாக ஊற்றினால் பாகில் சுவை தெரியும்.

கடைசி விறகை எப்போது போடுவது? பான்களுக்குச் சாறு விடும் தலைத்தொட்டியில் குறைந்தது ஒரு மணி நேரச் சாறு மீதமிருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். தணல் நீங்கள் சொன்னால் கேட்காது, அது பாட்டுக்குக் காய்ச்சிக்கொண்டே இருக்கும். சாற்று மட்டத்தைக் கட்டுப்படுத்தும் மிதவையை உயர்த்திப் பான்களில் 7, 8 சென்டிமீட்டர் ஆழம் நிற்கச் செய்து, கொதி அடங்கும்வரை கூடவே இருங்கள். மிதவை சிக்கிக்கொள்வதும், இரவுக் குளிரில் சாற்றுக் குழாயில் பனிக்கட்டி அடைப்பதும் வழக்கமாக வரும் கோளாறுகள். சாறு மட்டம் இறங்குவது தெரிந்தால் சாம்பல் கதவை மூடி, விறகு போடும் மேல்கதவுகளை அகலத் திறந்துவிடுங்கள். உள்ளே பாயும் குளிர்காற்று பானின் அடியைத் தணிக்கும். இந்த ஒரு சமயத்தில் கதவு திறந்திருப்பது நல்லது. உடனே பச்சைச் சாற்றை அள்ளிப் பானில் ஊற்ற வேண்டும். அதற்காகவே ஒரு வாளிச் சாறு அடுப்பருகே எப்போதும் தயாராக நிற்கட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
லனார்க், ஒன்டாரியோ