சீட்டுப் பணமும் அண்டை நாட்டுப் பணமும்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய படத்தைக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். முழங்கால் வலி தவிர எனக்கு வேறு குறையில்லை. சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் அதே பணமாற்றுக் கடைதான்.

இலங்கை, இந்தியா, பங்களாதேஷ் எல்லாம் ஒரே நாணயத்துக்கு வந்துவிட்டால், இலங்கையில் டாலர் தீர்ந்துபோன 2022 மாதிரி நிலை திரும்பாதல்லவா என்று கேட்டிருந்தாய். இரண்டு நாளாக அதே யோசனை. எனக்கு அது வேண்டாம் என்றுதான் படுகிறது. ஒரே நாணயம் என்றால் வட்டி எவ்வளவு என்பதைப் பெரியவன் தேவைதான் முடிவு செய்யும். கொழும்புப் புறக்கோட்டைச் சந்தை மூச்சுத் திணறினாலும் டெல்லிக்குச் சரிப்பட்ட வட்டியைத்தான் நீங்களும் கட்டவேண்டும்.

போன வாரம் ஓர் அம்மா புருணை நாட்டின் பத்து வெள்ளி (டாலர்) நோட்டை நீட்டி, மாற்ற எவ்வளவு பிடிப்பீர்கள் என்று கேட்டார். பக்கத்து மளிகைக் கடையிலேயே கொடுங்கள், நம் வெள்ளி மாதிரி வாங்கிக்கொள்வார்கள் என்றேன். 1967 முதல் அந்த ஒன்றுக்கு ஒன்று ஏற்பாடு இருக்கிறது. மலேசியாவும் அதில் இருந்து, 1973இல் விலகியது. இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல். புருணையும் நாமும் நிலைத்ததற்குக் காரணம், இருவருமே வெளியிடும் பணத்துக்கு முழு ஈடு வைத்திருப்பது. அந்த ஈடு இல்லாத வீடுகள் ஒரே நோட்டில் குடியேற முடியாது.

அப்படியானால் என்னதான் வழி? டன்லப் ஸ்திரீட் அறையில் எட்டுப் பேர் பிடித்த சீட்டு நினைவிருக்கிறதா? உன் அம்மாவுக்கு ஆபரேஷன் என்றதும் ஏலம் விடாமலே உன் கையில் கொடுத்தோம். யார் சம்பளம் எவ்வளவு, யாருக்கு எங்கே கடன் என்பது எட்டுப் பேருக்கும் தெரியும். அதனால்தான் யாரும் தயங்கவில்லை.

1997 ஜூலை 2ஆம் தேதி தாய்லாந்து தன் நாணயமான பாத்தின் மதிப்பைத் தாங்கிப் பிடிப்பதைக் கைவிட்டபோது இந்த வட்டாரத்துக்கு அப்படியொரு சீட்டு இல்லை. டாலருக்கு 2,400 சுமாரில் இருந்த இந்தோனேசிய ருப்பியா 1998 ஜனவரியில் 15,000ஐத் தாண்டியது. இந்தோனேசியாவின் பாத்தாம் தீவிலிருந்து வந்த வியாபாரி நோட்டுக் கட்டுகளை முகப்பில் அடுக்கிவிட்டு, நாம் சொன்ன தொகையைக் கேட்டு வாய் திறக்காமல் நின்றாரே, அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அந்த அடிக்குப் பிறகுதான் 2000இல், நெருக்கடியில் நாடுகள் ஒன்றுக்கொன்று டாலர் கொடுத்துதவும் சியாங் மாய் ஏற்பாடு வந்தது. 2010இல் ஆசியான் நாடுகள், சீனா, ஜப்பான், கொரியா எல்லாம் ஒரே ஒப்பந்தத்துக்குள் வந்தன. இப்போது அது 240 பில்லியன் டாலர். பணம் ஒரே பெட்டியில் இல்லை. அவரவர் மத்திய வங்கியில் இருக்கிறது, கேட்டால் தருவதாக வாக்கு. ஒவ்வொருவர் கணக்கையும் பார்க்கும் அம்ரோ அலுவலகம் 2011 முதல் நம் சிங்கப்பூரில்தான் இயங்குகிறது.

ஆனால், கொரோனா காலத்தில்கூட யாரும் அதிலிருந்து ஒரு காசு எடுக்கவில்லை. ஒரு நாடு தான் எடுக்கக்கூடிய தொகையில் 40 சதவீதத்துக்கு மேல் வேண்டுமென்றால் ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) திட்டம் இருந்தாக வேண்டும். கேட்டால் சந்தையில் பெயர் கெடும் என்ற பயமும் உண்டு. கேட்க வெட்கப்படும் சீட்டில் சேர்ந்து என்ன பயன்? இது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

உங்கள் பக்கம் கதை வேறு. 2014க்குப் பிறகு தெற்காசிய நாடுகளின் அமைப்பான சார்க்கின் தலைவர்கள் மாநாடே கூடவில்லை. ஆனாலும் அதன் நாணயப் பரிமாற்ற ஏற்பாட்டில் 2022 ஜனவரியில் இந்திய ரிசர்வ் வங்கி இலங்கைக்கு 400 மில்லியன் டாலர் கொடுத்தது. நாடுகள் தங்களுக்குள் வணிகக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும் ஆசியன் கிளியரிங் யூனியனில் இலங்கை கட்டவேண்டிய பாக்கிக்கும் தவணை கிடைத்தது. அதற்கு முந்திய ஆண்டே பங்களாதேஷ் 200 மில்லியன் தந்திருந்தது. பங்களாதேஷ் தந்ததை 2023இல் நீங்கள் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். ஐஎம்எஃப் ஒப்புதல் 2023 மார்ச்சில்தான் வந்தது. எல்சி (இறக்குமதிக்கு வங்கி தரும் உத்தரவாதம்) திறக்க டாலர் இல்லாமல் துறைமுகத்தில் நின்ற உன் வெங்காயம் அதுவரை தாங்கியிருக்குமா? தலைவர்கள் முகம் பார்க்காத காலத்திலும் முன்கூட்டியே எழுதி வைத்த விதி வேலை செய்தது. அதனால்தான் உனக்கு ஒரே நாணயம் வேண்டாம், பெரிய சீட்டு வேண்டும் என்கிறேன். கணக்கை மறைக்காமல் காட்டுகிற சீட்டு.

மகள் அடுத்த மாதம் கொழும்பு வருகிறாள். பேத்திக்கு ஒரு ஜோடித் தோடும், நீ கேட்ட தைலமும் கொடுத்தனுப்புகிறேன். அந்த அம்மாவிடம் நம் வெள்ளியைக் கொடுத்து வாங்கிய புருணை நோட்டையும் வைத்திருக்கிறேன். உன் மகனிடம் காட்டு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்