மீதி நாள் உள்ள டிக்கெட்டை விற்காதீர்கள்: டிஸ்னி வேர்ல்டின் பழைய டிக்கெட் வைத்திருப்போருக்கு ஒரு திறந்த மடல்

ஃபுளோரிடாவிலுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்கு எப்போதோ வாங்கிய டிக்கெட்டை அலமாரியிலும் பழைய பயணப் பெட்டியிலும் பத்திரமாக வைத்திருப்பவர்களுக்கும், அப்படிப்பட்ட டிக்கெட்டை வாங்கவோ விற்கவோ நினைப்பவர்களுக்கும்,

வணக்கம்.

பழைய டிக்கெட் ஒன்று கைக்குக் கிடைத்ததும் பலர் மனத்தில் முதலில் எழும் கேள்வி, "இது எவ்வளவுக்குப் போகும்?" என்பதுதான். அந்தக் கேள்வியைச் சில நாள் தள்ளிவையுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். அதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு: கையில் இருப்பது என்ன டிக்கெட், அதில் மிச்சம் என்ன, அது யாருடையது. இந்த மூன்றும் தெரியாமல் விற்பவர் சட்டத்தில் சிக்குகிறார், வாங்குபவர் வாசலில் குடும்பத்தோடு நிற்கிறார்.

"பயன்படுத்தாத டிக்கெட்" என்ற சொல்லிலேயே குழப்பம் தொடங்கிவிடுகிறது. ஐந்து நாள் டிக்கெட்டில் மூன்று நாள் போய்விட்டு வந்தவரும் "ரெண்டு நாள் பயன்படுத்தலை" என்கிறார். உறை பிரிக்காத டிக்கெட் வைத்திருப்பவரும் அதையே சொல்கிறார். நிறுவனத்தின் கணக்கில் இவை இரண்டும் வெவ்வேறு பொருள்கள். ஒருமுறை நுழைந்துவிட்டால் அந்த டிக்கெட் நுழைந்தவருக்கே உரியது, வேறொருவருக்கு மாறாது. ஒருநாளும் பயன்படுத்தாத டிக்கெட் மட்டுமே வீட்டில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறலாம்.

எந்தக் காலத்து டிக்கெட் என்பதை வைத்து அடுத்த முடிவு. டிஸ்னி வேர்ல்ட் திறந்தது 1971 அக்டோபர் 1. அப்போது நுழைவுக்கு ஒரு சீட்டு, சவாரிகளுக்கு ஏ முதல் ஈ வரை எழுத்திட்ட கூப்பன்கள் என்று புத்தகமாக விற்றார்கள். 1982-ல் அந்த முறை முடிந்து, ஒரே டிக்கெட்டில் எல்லாச் சவாரியும் என்றானது. அதன் பிறகு வந்தவை 'பாஸ்போர்ட்', 'ஹாப்பர்' (ஒரே நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட பூங்காவுக்குப் போக விடுவது) என்ற பெயர்களிலான பல நாள் டிக்கெட்டுகள். 2004 முடியும்வரை விற்ற இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காலாவதி கிடையாது. மீதி நாள் எத்தனை ஆண்டு கழித்தும் செல்லும். 2005 ஜனவரியில் முறை மாறியது. சாதாரண டிக்கெட் முதல்முறை நுழைந்த நாளிலிருந்து 14 நாளில் முடிந்துவிடும், காலாவதி வேண்டாம் என்றால் தனியாகக் கூடுதல் பணம் கட்ட வேண்டும் என்றார்கள். அந்தக் கூடுதல் வசதியும் 2015-ல் நின்றுபோனது. 2018 அக்டோபரிலிருந்து பல நாள் டிக்கெட்டுகளுக்கும் நாளுக்கு நாள் மாறும் விலை. இன்ன தேதியில் தொடங்கி இத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்ற கணக்கு அப்போது வந்தது.

ஆகவே 2005-க்கு முந்தைய டிக்கெட் என்றால் நம்பிக்கையோடு பாருங்கள். ஆனால் விதிவிலக்குகள் உண்டு. டிஸ்னியின் சொந்த விடுதிகளில் தங்கியவர்களுக்குத் தந்த 'லெங்த் ஆஃப் ஸ்டே' டிக்கெட் தங்கல் முடிந்த அன்றே முடிந்தது. இலவசமாகக் கொடுத்தவை, மாநாட்டுக்கு வந்தவர்களுக்கென விற்றவை, ஃபுளோரிடாவாசிகளுக்கான சலுகை டிக்கெட்டுகள் ஆகியவற்றில் கடைசித் தேதியை அட்டையிலேயே அச்சிட்டிருப்பார்கள். பின்புறச் சிறிய எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்தாவது படித்துவிடுங்கள்.

மீதி நாளை எண்ணுவதில்தான் அதிகம் பிசகு நடக்கிறது. பழைய அட்டைகளில் ஒவ்வொரு நுழைவுக்கும் தேதியைப் பின்பக்கம் அச்சிட்டார்கள். மொத்த நாளிலிருந்து அந்தத் தேதிகளைக் கழித்தால் மீதி வர வேண்டும். ஆனால் மை மங்கிப்போகும், ஒன்றின் மேல் ஒன்று விழும், சில நேரம் அச்சே விழாமல் கணினியில் மட்டும் பதிவாகியிருக்கும். அட்டை மூன்று நாள் என்று சொல்லிக் கணினி இரண்டு நாள் என்றால் கணினிதான் கணக்கு. காந்தப் பட்டை தேய்ந்திருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். பட்டை செத்துப்போனாலும் பின்னால் அச்சிட்ட எண் படிக்க முடிந்தால் பதிவைத் தேடி எடுக்கலாம். எண்ணும் அழிந்துவிட்டால் வேலை கடினம். அதனால் அட்டையை லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் எழுத்து தோன்றும் தாள் என்றால் லேமினேட் எந்திரத்தின் வெப்பத்தில் முழுதும் கறுத்துவிடும். மெல்லிய பிளாஸ்டிக் உறை போதும்.

'பிளஸ்' என்று பெயர் கொண்ட டிக்கெட்டுகளில் பூங்கா நாள்களோடு நீர்ப்பூங்கா முதலிய இடங்களுக்கான நுழைவுகளும் தனி எண்ணிக்கையாக இருக்கும். பூங்கா நாள் தீர்ந்த அட்டையைத் தூக்கி எறியும் முன் இதைப் பாருங்கள். டிஸ்கவரி ஐலண்ட், ரிவர் கன்ட்ரி, பிளெஷர் ஐலண்டின் இரவு மன்றங்கள், 2017-ல் மூடிய டிஸ்னிகுவெஸ்ட் ஆகியவை இன்று இல்லை. அட்டையில் அவற்றின் பெயர் இருந்தால் அந்த நுழைவை இன்றைய நீர்ப்பூங்காக்களான டைஃபூன் லகூனுக்கோ பிளிஸார்ட் பீச்சுக்கோ பயன்படுத்த முடியுமா என்று கேளுங்கள். கேட்காதவருக்கு யாரும் தாமாக எடுத்துச் சொல்ல மாட்டார்கள்.

இனி உறுதி செய்யும் வழி. முதலில் அட்டையின் இரு பக்கத்தையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள், எண்ணைத் தனியே எழுதிவையுங்கள். டிஸ்னி வேர்ல்டின் செயலியான மை டிஸ்னி எக்ஸ்பீரியன்ஸ் கணக்கில் அந்த எண்ணை இட்டுப் பாருங்கள். ஒரு பகுதி டிக்கெட்டுகள் அங்கேயே ஏறிவிடும். மிகப் பழையவை ஏறாது. ஏறவில்லை என்பதற்காக அது செல்லாது என்று முடிவுகட்டக் கூடாது. டிக்கெட் பிரிவைத் தொடர்புகொண்டு விசாரிக்கலாம். கடைசித் தீர்ப்பு பூங்காவின் விருந்தினர் உதவிப் பிரிவான கெஸ்ட் ரிலேஷன்ஸ் சாளரத்தில். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: எண் தெரியும்படி அந்தப் படத்தை எந்தக் குழுவிலும் போட்டு "இது செல்லுமா?" என்று கேட்காதீர்கள். பயன்படுத்தாத டிக்கெட்டின் எண் கிடைத்தால் வேறொருவர் தம் கணக்கில் ஏற்றிக்கொள்ள வழி இருக்கிறது. அப்புறம் அதை மீட்பது பெரும்பாடு.

காந்தப் பட்டை டிக்கெட்டோடு நேரே பூங்கா வாசலுக்குப் போய்ப் பயனில்லை. பழைய சுழல்கதவுகளை எடுத்துவிட்டு, அட்டையைத் தொட்டுக் காட்டும் கம்பங்களை நிறுவிப் பத்தாண்டுக்கு மேலாகிறது. அவற்றுக்குள் பழைய பட்டையைப் படிக்கும் கருவி கிடையாது. முதலில் கெஸ்ட் ரிலேஷன்ஸில் கொடுத்துப் புதிய அட்டையாக மாற்ற வேண்டும். நான்கு பூங்காக்களின் வாசலிலும் அது இருக்கிறது. கடைகளும் உணவகங்களும் உள்ள டிஸ்னி ஸ்பிரிங்ஸ் பகுதியிலும் இருக்கிறது. அங்கே நுழைய டிக்கெட் வேண்டாம், காலைக் கூட்டமும் இல்லை. ஊர் வந்து சேர்ந்த அன்று மாலையே அங்கே போய் முடித்துவிடுவதுதான் நாங்கள் சொல்லும் வழி. மறுநாள் காலை மேஜிக் கிங்டம் வாசல் வரிசையில் குழந்தைகளோடு நின்று இதைச் செய்ய ஆரம்பித்தால் பாதி நாள் போய்விடும்.

டிக்கெட்டை யார் பயன்படுத்தினார்களோ அவரே அடையாள அட்டையோடு வர வேண்டும். மாற்றிக்கொடுத்ததும் நகராதீர்கள். எத்தனை நாள், ஹாப்பர் வசதி உண்டா, பிளஸ் நுழைவு எத்தனை, யார் பெயர், பெரியவரா குழந்தையா என்ற ஐந்தையும் திரையில் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். குழந்தை டிக்கெட் 3 முதல் 9 வயது வரை. அன்று ஏழு வயதில் போன பிள்ளை இன்று கல்லூரியில் படிக்கலாம். அந்தக் குழந்தை டிக்கெட்டைப் பெரியவர் டிக்கெட்டாக மாற்றும் வேலையும் இதே சாளரத்தில்தான். விலை வேறுபாடு கேட்டால் கட்ட வேண்டியிருக்கும், அதற்கும் தயாராகப் போங்கள்.

2020 ஜூலையில் பூங்காக்கள் மறுபடி திறந்தபோது நாளை முன்பதிவு செய்யும் முறை வந்தது. 2024 ஜனவரி 9 முதல் தேதியிட்ட டிக்கெட்டுகளுக்கு அது நீங்கியது. தேதி இல்லாத பழைய டிக்கெட்டுகளுக்கு அப்படியே நீங்கிவிட்டதாக எண்ணிவிடாதீர்கள். உங்கள் டிக்கெட் எந்த வகை என்று மாற்றும்போதே கேட்டு, தேவையென்றால் நாளைப் பதிந்துகொள்ளுங்கள்.

இன்னொரு சிக்கல் அனுபவம் உள்ளவர்களையும் ஏமாற்றிவிடும். ஒரே பெயரில் காலாவதியாகாத பழைய டிக்கெட்டும் இந்த வாரத்துக்கான புது டிக்கெட்டும் இருந்தால், வாசலில் எது கழியும் என்பதை முடிவு செய்வது கணினி. பழையதில் ஒரு நாள் கழிந்து, புதியது பயன்படாமலே காலாவதியானால் நட்டம் உங்களுக்கு. எதை முதலில் கழிக்க வேண்டும் என்பதைச் சாளரத்திலேயே வரிசைப்படுத்தித் தரச் சொல்லுங்கள். முதல் நாள் இரவு கணக்கைத் திறந்து சரியான டிக்கெட்தான் கழிந்ததா என்று பாருங்கள். தவறு என்றால் மறுநாளே சொல்லுங்கள், ஊர் திரும்பிய பிறகு அல்ல.

பழைய டிக்கெட்டில் மீதியுள்ள நாளை எப்போது செலவழிப்பது என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. புது டிக்கெட்டில் நாள் கூடக் கூட ஒரு நாளின் விலை குறையும். ஐந்து நாள் பயணத்தில் நான்கு நாளுக்குப் புது டிக்கெட் வாங்கி ஐந்தாம் நாளுக்குப் பழையதை நீட்டினால், மிச்சமாவது அந்தக் கடைசி நாளின் சிறிய தொகை மட்டும். அதே பழைய நாளை, ஓர்லாண்டோவுக்கு வேறு வேலையாகப் போய் ஒரே ஒரு நாள் மட்டும் பூங்காவுக்குப் போகும்போது பயன்படுத்தினால் ஒரு முழு நாள் டிக்கெட்டின் விலை மிச்சம். அதுவும் கிறிஸ்துமஸ் வாரம் போன்ற விலை ஏறிய நாளில் இன்னும் அதிகம். பழைய நாளுக்கு விலை உயர்ந்த நாள், மலிவான நாள் என்ற வேறுபாடு கிடையாது. அது நுழைவுக்கு மட்டும்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். வரிசையைத் தாண்டிப் போகும் லைட்னிங் லேனுக்கும் வண்டி நிறுத்தத்துக்கும் தனிப் பணம்.

காலாவதியான, ஆனால் ஒருநாளும் பயன்படுத்தாத டிக்கெட்டைக் குப்பையில் போடாதீர்கள். அன்று கட்டிய தொகையைப் புது டிக்கெட்டின் விலையில் கழித்துக்கொள்ளலாம். 400 டாலருக்கு வாங்கியது காலாவதியாகிவிட்டது, புதியது 520 டாலர் என்றால் 120 கட்டினால் போதும். புதியது அதைவிட மலிவு என்றால் மிச்சத்தைக் கையில் தர மாட்டார்கள், ஆகவே விலையைப் பார்த்து மாற்றுங்கள். வாங்கிய ரசீதோ மின்னஞ்சலோ இருந்தால் எடுத்துப் போங்கள். பாதி பயன்படுத்திக் காலாவதியானதற்கு இந்த வழி இல்லை.

இப்போது விற்பனை. டிஸ்னி வேர்ல்டுக்கு அருகிலுள்ள கிஸ்ஸிமி ஊரின் 192-ஆம் சாலையோரம் மீதி நாள் டிக்கெட்டுகளை வாங்கி விற்கும் சிறு கடைகளின் கதை பழையது. இன்று அதே வியாபாரம் கைப்பேசிக்குள் வந்திருக்கிறது. ஒருமுறையாவது பயன்படுத்திய, பிறருக்கு மாற்ற முடியாத பல நாள் டிக்கெட்டை வணிகமாக விற்பதும் விற்க முன்வருவதும் ஃபுளோரிடாவில் குற்றம். மாநிலச் சட்டத் தொகுப்பின் 817.361-ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. "என் காசு கொடுத்து வாங்கியது, என் மீதி நாள், நான் விற்கிறேன்" என்று வாதிப்பவர்களின் ஆதங்கம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் அந்த வாதம் அங்கே நிற்காது.

"பழைய டிக்கெட்டில் விரல் பதிவே இல்லை, யார் வேண்டுமானாலும் போகலாம்" என்பது விற்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். பாதி உண்மையை முழு உண்மையாக விற்கிறார்கள். இன்று வாசலில் விரலை வைக்கச் சொல்கிறார்கள், டிக்கெட்டை மாற்றும்போது பெயரைக் கேட்கிறார்கள், முந்தைய பதிவும் அவர்கள் திரையில் இருக்கிறது. வாங்குபவரால் மீதி நாளைச் சரிபார்க்க முடியாது, அட்டையில் நான்கு நாள் மிச்சம் போலத் தெரிந்தும் பதிவில் ஒன்றும் இல்லாமலிருக்கலாம். ஏமாந்த பின் விற்றவரைத் தேடிப் பிடிக்கவும் முடியாது. அதனால் நண்பர் வட்டத்திலோ குழுக்களிலோ மீதி நாள் டிக்கெட்டை விளம்பரப்படுத்துவோரிடம் நேராகவே கேட்கிறோம்: அந்தப் பதிவை எடுத்துவிடுங்கள். வாங்க இருப்பவர்கள் பூங்காவிடமோ அதன் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடமோ மட்டும் வாங்குங்கள்.

1982-க்கு முந்தைய கூப்பன் புத்தகம் கிடைத்தவர்கள் மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். எல்லாவற்றிலும் விலை கூடிய ஈ கூப்பனில்கூட அச்சிட்ட விலை ஒரு டாலருக்கும் கீழே. அந்த விலைக்கு வாசலில் கழித்துக்கொள்வதைவிடச் சேகரிப்பவர்கள் கூடுதலாகவே தருவார்கள். அது ஒரு பழம்பொருள், இப்போது செல்லும் பல நாள் நுழைவு டிக்கெட் அல்ல. அதை விற்பதில் நாங்கள் சொன்ன சிக்கல் எதுவும் இல்லை. நுழைவுச் சீட்டும் கிழியாமல் உள்ள முழுப் புத்தகத்துக்குத்தான் மதிப்பு. தனித்தனியாகக் கிழித்து விற்காதீர்கள். ரப்பர் பேண்ட் போட்டிருந்தால் இன்றே கழற்றுங்கள், அது இளகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும்.

மறைந்த பெற்றோரின் பெயரில் மீதி நாள் டிக்கெட் வைத்திருப்பவர்கள் அதைத் தம்முடையது என்று வாசலில் நீட்டாதீர்கள். உள்ளதைச் சொல்லிச் சாளரத்தில் கேளுங்கள். விதிப்படி அது மாறாது என்று அவர்கள் சொல்லலாம். அப்படிச் சொன்னால் அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
பழைய டிக்கெட்டுகளைப் பார்த்துப் பழகிய சிலர்