கூண்டுக்காரரிடம் ஒரு வார்த்தை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நல்லபடியாகக் காரைக்குடி வந்து சேர்ந்தோம். துவைக்கப் போட்ட என் சட்டைப் பையில் இரண்டு விதை கிடந்ததாம். "இது என்ன பூச்சி இறக்கையா?" என்று அம்மா தூக்கிக் காட்டினாள். உன் ஹோ சி மின் நகரத்தில், 'தாவ் தான்' என்ற பூங்காவில் நிற்கும் பெரிய மரங்களின் விதை அது. நீளமாக இரண்டு இறக்கை. ஏப்ரல் காற்றில் பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டே இறங்கும். அந்த மரத்தின் பெயருக்கே எண்ணெய் என்றுதான் பொருளாம். அதன் பிசினை முன்பு படகுக்குப் பூசுவார்களாம்.

நீ பார்த்திருக்க மாட்டாய். தினமும் அந்த வேலியை ஒட்டித்தான் ஆபீஸ் போகிறாய். ஆறு வாரத்தில் ஒரு நாள்கூட என்னோடு உள்ளே வரவில்லை. குறை சொல்லவில்லை, உன் வேலை அப்படி. ஆனால் உன் ஊரை உன்னைவிட நான்தான் நன்றாகப் பார்த்திருக்கிறேன் என்று இங்கே எல்லோரிடமும் பெருமை அடித்துக்கொண்டிருக்கிறேன்.

நம் மாரியம்மன் கோயில் இருக்கிறதே, அதே த்ருவாங் தின் தெருவில் நேராக நடந்தால் பூங்காதான். தெருவே பூங்காவை ஊடறுத்துக்கொண்டு போகிறது. சில நாள் முதலில் கோயில். வியட்நாம்காரர்கள் கருவறைப் பின்சுவரில் நெற்றியை ஒட்டிவைத்து வேண்டிக்கொள்வார்கள். ஒரு நாள் நானும் அப்படிச் செய்தேன். கல் குளுகுளுவென்று இருந்தது.

பூங்காவுக்கும் பக்கத்துச் சுதந்திர அரண்மனைக்கும் நடுவே ஒரு சாலை போகிறதல்லவா? முன்பு இரண்டும் ஒரே தோட்டம். 1869இல் பிரெஞ்சுக்காரர்கள் நடுவே சாலை போட்டுப் பிரித்துவிட்டார்கள். இப்போது அதற்கு ஹுயென் த்ரான் என்ற வியட்நாம் இளவரசியின் பெயர். 1306இல் அவளைத் தெற்கே இருந்த சம்பா நாட்டு ராஜாவுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டு, பதிலுக்கு இரண்டு மாகாணம் வாங்கிக்கொண்டார்கள். மாப்பிள்ளை பெயர் ஜய சிம்மவர்மன். காஞ்சிபுரத்துப் பல்லவ ராஜா மாதிரி இல்லை? பூங்காவுக்குள்ளேயே சம்பா கோபுரம் ஒன்றைச் சிறிதாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். அதன் எதிரே உட்கார்ந்து அந்தப் பெண்ணின் அப்பாவை நினைத்துக்கொள்வேன். உன்னைத் தூர தேசத்துக்கு அனுப்பி நான் வாங்கிக்கொண்டது மூன்று பாக்கெட் காபித்தூள்தான்.

சரி, எழுத வந்த விஷயம் இதுதான். காலையில் மரத்தடியில் பறவைக் கூண்டுகளை வரிசையாக மாட்டிவிட்டு ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஐஸ் போட்ட பால் காபியைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பறவை நன்றாகப் பாடுகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்கள். முக்கால்வாசியும் நம் சின்னான் குருவியின் பங்காளிகள், கன்னத்தில் சிவப்புப் பொட்டு வைத்தவை. கூண்டில் அடைப்பது எனக்குப் பிடிக்காது. இருந்தாலும் அந்தச் சத்தத்துக்காகவே தினமும் போனேன்.

அங்கே ஒரு பெரியவர். என் வயதுதான் இருக்கும், ஒரு கால் கொஞ்சம் இழுத்து நடப்பார். இரண்டாம் வாரத்திலிருந்து எனக்கும் ஒரு முக்காலி எடுத்துப் போட்டுவைக்க ஆரம்பித்தார். அவர் பேசுவது எனக்குப் புரியாது, நான் பேசுவது அவருக்குப் புரியாது. ஆளுக்குப் பாதியாகப் பேசிக்கொண்டிருப்போம். ஒரு நாள் வாழைப்பழத் துண்டைக் கொடுத்து என்னையே ஊட்டச் சொன்னார். பறவை என் விரலைக் கொத்தியது. விழுந்து விழுந்து சிரித்தார்.

நாங்கள் கிளம்பிய அன்று விடியற்காலையிலிருந்தே மழை. போய்ப் பார்த்தேன், ஒரு கூண்டுகூட இல்லை. அவரிடம் சொல்லாமலே வந்துவிட்டேன். முக்காலியைப் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாரோ என்று மனசு அரித்துக்கொண்டே இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணிக்குள் போய்விடு. வெயில் ஏறினால் கூண்டைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். நீலத் துணி போர்த்திய கூண்டுதான் அவருடையது. அப்பா ஊருக்குப் போய்விட்டார் என்று சொல். உனக்குத்தான் அவர்கள் பாஷை வருமே. அப்படியே அவர் பெயரையும் கேட்டு எழுது. ஆறு வாரமாக அது எனக்குத் தோன்றவே இல்லை.

அன்புடன்,
அப்பா